சிவப்பு வளையம் இருபது

கோலாலம்பூர்
3 மார்ச் 1957

அன்புள்ள மாமா, அத்தை இருவருக்கும் கணேசமூர்த்தி எழுதுவது.

இதை யார் உங்களுக்குப் படித்துக் காட்டினாலும் இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள். போன மாதம் பாசார் சந்தையில் வைத்துப் பேசினோமே, அந்தக் கோழி விஷயம். எங்கள் ஆய்வுக்கூடத்து வெள்ளைக்கார டைரக்டர் துரை சம்மதித்துவிட்டார்.

வருஷா வருஷம் உங்கள் காஜா பேராங்கில் வெள்ளைக் கழிச்சல் வந்து வீட்டுக் கோழிகளைத் துடைத்துக்கொண்டு போகிறது. முன்கூட்டி ஊசி போட்ட கோழிகள் தப்பிக்கின்றன. நோய் உள்ளே நுழைந்துவிட்டால் ஊசியால் பயனில்லை. அப்போது கொடுக்க ஒரு மருந்தைத்தான் மூன்று வருஷமாகத் தேடுகிறோம். நாற்பத்தாறு மருந்துகள் தோற்றன. நாற்பத்தேழாவதை, குஞ்சு வளர்கிற முட்டைக்குள் கிருமியோடு சேர்த்துச் செலுத்தினேன். குஞ்சு சாகவில்லை. பத்து முறை செய்து பார்த்தேன், எட்டு முறை பிழைத்தது. இனி உயிருள்ள கோழியில் பார்க்க வேண்டும்.

லாரியில் நாற்பது வெள்ளைக் கோழிகள் வரும். எல்லாம் ஒரே வயது, எதற்கும் ஊசி போடவில்லை. இருபதுக்குக் காலில் சிவப்பு வளையம், இருபதுக்கு நீல வளையம். இரண்டையும் தனித்தனிக் கூண்டில் விடுங்கள். சிவப்புக் கூண்டின் தண்ணீரில் தினமும் காலையில் மருந்து. நீலக் கூண்டுக்கு வெறும் தண்ணீர். தீனி இரண்டுக்கும் ஒன்றுதான்.

சிவப்பு வளையக் கோழிகள் ஆய்வுக்கூடத்தின் சொத்து. முடிவில் இரத்தம் எடுக்க அவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டும், பத்திரம். நீல வளையத்தில் பிழைத்தவற்றை நீங்களே வைத்துக்கொள்ளலாம். செத்ததைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள். கூட ஒரு தாள்கட்டு அனுப்புகிறேன். ‘இன்று கூண்டில் உள்ளவை’ என்ற கட்டத்தில் ஒவ்வொரு நாளும் எண்ணிக்கையை யாரையாவது எழுதச் சொல்லுங்கள்.

நான் நேரில் வர முடியாது. நோய் உள்ள இடத்துக்கு வந்துபோனால் இரண்டு வாரம் முட்டை அறைக்குள் விடமாட்டார்கள்.

துரை ஆகஸ்டில் இங்கிலாந்துக்குத் திரும்புகிறார். போவதற்குமுன் உள்ளூர் ஆள் ஒருவரை மேல்படிப்புக்குப் பரிந்துரைப்பார். நாற்பத்தேழு வேலை செய்தால் அது நான்தான். எல்லாம் உங்கள் கூண்டில் இருக்கிறது.

கணேசமூர்த்தி

*

காஜா பேராங், மலாக்கா
14 மார்ச் 1957

மருமகன் கணேசமூர்த்திக்கு உன் மாமன் சேதுபதி எழுதுகிறேன்.

எழுதுவது நானேதான். நன்றாகப் பார்த்துக்கொள். இது என் கை.

நவம்பர் மாதத்திலிருந்து முதியோர் வகுப்புக்குப் போகிறேன். வாரத்துக்கு மூன்று நாள் சாயங்காலம். ஆசிரியை பெயர் சந்திரமதி. வயது என் பேத்தி வயதுதான், ஆனாலும் நான் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறேன். வகுப்பில் நாங்கள் ஒன்பது கிழவர்கள். அறுபத்துநான்கு வயதில் எனக்கு ‘ழ’ வந்துவிட்டது. கோழி என்று எழுத அது வேண்டுமே.

உன் கடிதத்தை யாரும் படித்துக் காட்டவில்லை. நானே படித்தேன். மூன்று நாள் ஆனது. இந்தக் கடிதத்துக்கு நான்கு நாள். பேனா மை கக்குகிறது, விரல் எல்லாம் நீலம். உன் அத்தை, “இந்த வயசுல பள்ளிக்கூடத்துப் பிள்ளையாட்டம் சட்டையெல்லாம் மை. யாரு துவைக்கிறது?” என்கிறாள். திட்டட்டும். போன வாரம் அவள் பெயரை எழுதிக் காட்டினேன். பொன்னம்மா. ஐந்தே எழுத்து. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இவ்வளவுதானா நான்?” என்று கேட்டாள்.

கோழிகள் வந்து சேர்ந்தன. லாரிக்காரன் அவசரப்படுத்தினான். நான் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி எண்ணித்தான் இறக்கினேன். சிவப்பு இருபது, நீலம் இருபது. சிவப்பில் ஒன்று எப்போதும் மற்றதன் முதுகில் ஏறி நிற்கிறது. அதற்குக் கங்காணி என்று பெயர் வைத்திருக்கிறேன். நீலத்தில் ஒன்று நொண்டி. இன்னொன்று தீனி போட்டதும் முதலில் தண்ணீர்தான் குடிக்கும். சிவப்பில் ஒன்றுக்குக் கொண்டை கிழக்குப் பக்கம் சாய்ந்திருக்கும், அதுவும்

தாள் முடிந்துவிட்டது, இது வேறு தாள். ஆசிரியை தினமும் நான்கு வரி எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார். எதைப் பற்றி எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். இனிமேல் கோழியைப் பற்றி எழுதலாம்.

சேதுபதி

*

கோலாலம்பூர்
21 மார்ச் 1957

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மகிழ்ச்சி, உண்மையாகவே.

ஆனால் மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். தாளில் நான் கேட்டது எண் மட்டும். நீங்கள் அனுப்பிய முதல் வாரத் தாளில் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், பின்பக்கத்தில் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ‘கங்காணி இன்று கோபமாக இருந்தது’ என்பதை ஆங்கிலத்தில் எப்படி டைப் அடிப்பது? டைப் அடிக்கிற கிராணி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். துரை அதைப் பார்ப்பதற்குள் நான் வேறு தாளில் நகல் எடுக்க வேண்டியிருந்தது.

கொண்டை, நொண்டி, முதுகு எதுவும் வேண்டாம். அந்தக் கதையெல்லாம் உங்கள் வகுப்பு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கூண்டில் எத்தனை இருக்கிறது என்பது மட்டும் போதும். பெயரும் வைக்காதீர்கள்.

மருந்தைக் கொடுக்கும் முன் புட்டியைக் குலுக்க மறக்க வேண்டாம்.

கணேசமூர்த்தி

*

காஜா பேராங்
9 ஏப்ரல் 1957

மருமகனுக்கு,

சரி. எண் மட்டும்.

நோய் வந்துவிட்டது. போன மாதம் இருபத்தாறாம் தேதி பக்கத்து வீட்டு மல்லிகாவின் சேவல் கழுத்தை முறுக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து விழுந்தது. இரண்டு நாளில் நம் கூண்டிலும் வந்துவிட்டது. முதலில் நீலத்தில் நொண்டி போனது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. உனக்கு இதெல்லாம் வேண்டாம், மறந்துவிட்டேன்.

தாள் இத்துடன். சிவப்புக் கூண்டில் உள்ளவை இருபது. நீலக் கூண்டில் உள்ளவை பதினொன்று.

எனக்குக் கை ஓய்ந்துபோகிறது. காலையில் மருந்து கலக்க வேண்டும். கூண்டைக் கழுவ வேண்டும். குழி தோண்ட வேண்டும். பிறகு உட்கார்ந்து எழுத வேண்டும். மண்வெட்டி பிடித்த கையில் பேனா நிற்கமாட்டேன் என்கிறது. நேற்று ஒரு வரி எழுதுவதற்குள் அழுகை வந்துவிட்டது. கோழிக்காக இல்லை, ‘ஞ’ சரியாக வரவில்லை என்று உன் அத்தையிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

அவள் என்னோடு பேசி மூன்று நாள் ஆகிறது. கோபம் வாத்து விஷயத்தில். ஒன்பது வாத்து வளர்த்தாள் அல்லவா, இப்போது ஐந்து இருக்கிறது. “வாத்தெல்லாம் எங்கே போச்சு? உங்க மருமகன் கோழி தின்னுடுச்சா?” என்று கேட்டாள். “நாணயம் தின்னுடுச்சு” என்றேன். அன்றிலிருந்து சோற்றைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். நீ இதைப் பற்றி அவளுக்கு எதுவும் எழுதாதே. உன் மருந்து வேலை முடியட்டும்.

புட்டியைக் குலுக்குகிறேன்.

சேதுபதி

*

கோலாலம்பூர்
27 ஏப்ரல் 1957

அன்புள்ள மாமா,

உங்கள் கடைசித் தாள் நேற்று வந்தது. சிவப்பு இருபது. நீலம் ஐந்து!

நான் அதை எடுத்துக்கொண்டு துரையின் அறைக்கு ஓடினேன். கதவைத் தட்டக்கூட இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். “ஒன்றுகூடவா சாகவில்லை?” என்று மூன்று முறை கேட்டார். நான் “ஒன்றுகூட இல்லை” என்றேன். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏழு வருஷத்தில் முதல் முறை.

அறிக்கையை டைப் அடித்துவிட்டோம். லண்டனுக்கு ஒரு பிரதி போய்விட்டது. தலைப்பின் கீழே அவர் பெயருக்கு அடுத்து என் பெயர். படிப்புக்கு என் பெயரைச் சொல்லிவிட்டதாகத் துரை நேற்று மாலை சொன்னார்.

மே பத்தாம் தேதி லாரி வரும். சிவப்பு வளையக் கோழிகள் இருபதையும் கூடையில் கட்டி வையுங்கள். இரத்தப் பரிசோதனை முடிந்தால் அறிக்கை முழுமையாகிவிடும். எப்படி இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள்? முட்டையில்கூட எல்லாம் பிழைக்கவில்லையே!

அத்தைக்கு நல்ல வாத்து நான் வாங்கித் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

கணேசமூர்த்தி

*

காஜா பேராங்
4 மே 1957

மருமகனுக்கு,

உன் கடிதத்தைச் சத்தம் போட்டுப் படித்தேன். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். உன் அத்தையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று கேட்டாய். இப்போது வேலை முடிந்துவிட்டதால் சொல்கிறேன். கேட்டால் சந்தோஷப்படுவாய்.

தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் அங்கிருந்த துரை வீட்டு மாடுகள் என் பொறுப்பில் இருந்தன. கொட்டிலில் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. ஒன்று செத்தால் மாட்டுக்காரன் இன்னொன்றைக் கொண்டுவந்து கட்ட வேண்டும். அப்படித்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள், அப்படித்தான் நான் வெளியே வந்தேன். நம்பி ஒப்படைத்த பொருள் குறையக் கூடாது. நீ முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டாய், சிவப்பு வளையம் ஆய்வுக்கூடத்தின் சொத்து, பத்திரம் என்று.

நம் வீட்டுக்குப் பின்னால் கோழிப் பண்ணை வைத்திருக்கிறானே சீனன் ஆ செங், அவனிடம் இதே மாதிரி வெள்ளைக் கோழி நிறைய உண்டு. ஒரு வாத்துக்கு இரண்டு கோழி என்று பேசினேன். சிவப்பில் ஒன்று விழுந்தால் அன்றைக்கே புதுக் கோழி. செத்ததன் காலிலிருந்து வளையத்தைக் கழற்றி, கழுவி, இதன் காலில் மாட்டிவிடுவேன். கடைசியில் என்னைக் கண்டாலே அவன் வேலிக்கு வந்து, “லாகி மாத்தி கா?” என்று மலாயில் கேட்பான், இன்னும் செத்ததா என்று. ஏழு வாத்து போனது. ஆனால் இருபதில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஒரு நாள்கூடக் கூண்டில் பத்தொன்பது இருந்து சூரியன் மறைந்ததில்லை.

உன் பெயருக்கு ஒரு குறையும் வராது. கூடை முடைந்து வைத்திருக்கிறேன்.

சேதுபதி

*

கோலாலம்பூர்
8 மே 1957

மாமா,

லாரி வராது. கூடையை அவிழ்த்துவிடுங்கள்.

ஆ செங் பண்ணைக் கோழிகளுக்குப் போன வருஷமே ஊசி போட்டாயிற்று. போட்டது எங்கள் ஆள்தான். அவை சாகாது. மருந்து கொடுத்தாலும் சாகாது, சாணி கரைத்துக் கொடுத்தாலும் சாகாது.

செத்தால் செத்தது என்று எழுதுவதற்குத்தானே மாமா அந்தக் கோழிகளை அனுப்பினேன்! சாகிறதா இல்லையா என்பதுதான் கேள்வியே. நாணயமாம். உங்கள் நாணயம் என்னைப் பொய்யனாக்கிவிட்டது. லண்டனில் இருக்கிற தாளில் என் பெயர் இருக்கிறது. இருபதுக்கு இருபது என்று இருக்கிறது.

மூன்று வருஷம். நாற்பத்தேழு மருந்து. ஒன்றும் தெரியவில்லை இப்போது. வேலை செய்ததா, செய்யவில்லையா, அதுகூடத் தெரியவில்லை. துரையிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

எழுதக் கற்றுக்கொண்டீர்களே, இதை ஒரு வரி முதலிலேயே எழுதியிருக்கக் கூடாதா?

க.

*

காஜா பேராங்
23 மே 1957

கணேசமூர்த்திக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. நான் அதை முழுதாகப் படித்தேன். படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால், படித்துக் காட்டுகிறவர் கொஞ்சம் மென்மையாக மாற்றிச் சொல்லியிருப்பார். வகுப்புக்குப் போகவில்லை இரண்டு நாள்.

எனக்கும் கோபம் இருக்கிறது. அதையும் எழுதுகிறேன்.

நீ கேட்டது ‘இன்று கூண்டில் உள்ளவை’. உள்ளதை எழுதினேன். இருபது இருந்தது, இருபது என்று எழுதினேன். எத்தனை செத்தது என்று உன் தாளில் எங்கே கட்டம் இருந்தது? சிவப்பு எங்கள் சொத்து, பத்திரம் என்று எழுதியது யார்? ஓரத்தில் எழுதினால் வேண்டாம் என்றாய். பெயர் வைக்காதே என்றாய். எண் மட்டும் போதும் என்றாய். மாடு மேய்த்தவனிடம் கொடுத்துவிட்டு, அவன் மாடு மேய்க்கிறவன் மாதிரி நடந்துகொண்டான் என்று திட்டுகிறாய்.

உன் அத்தை இன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். “ரெண்டு பேருக்கும் மண்டையில ஒண்ணும் இல்ல. அவன் கேக்கல, நீங்க சொல்லல. நடுவுல போனது என் வாத்து” என்றாள். பிறகு உள்ளே போய் என் வகுப்பு நோட்டைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். “தெனமும் ஒக்காந்து என்னமோ எழுதினீங்களே. அதுல எழுதலையா?” என்றாள்.

எழுதியிருக்கிறேன், தம்பி. நீதானே அந்தக் கதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள் என்றாய். நாளுக்கு நான்கு வரி. எது, எந்தக் கூண்டு, எந்த நாள், எப்படித் தலை சாய்த்தது, என்ன நிறத்தில் கழிந்தது, எப்போது விழுந்தது, ஆ செங்கிடமிருந்து எது வந்தது. கங்காணி செத்த நாளில் ஆறு வரி.

என் கோணல் எழுத்து எளிதில் புரியாது. ஆசிரியை சிவப்புப் பென்சிலால் திருத்தியிருக்கிறார். தபாலில் அனுப்புகிறேன். தொலைத்துவிடாதே. நான் எழுதிய முதல் புத்தகம் அது.

சேதுபதி

*

கோலாலம்பூர்
14 ஜூலை 1957

அன்புள்ள மாமாவுக்கு,

இவ்வளவு தாமதத்துக்கு மன்னியுங்கள். உங்கள் நோட்டை ஆங்கிலத்தில் பெயர்க்க எனக்கு நான்கு வாரம் பிடித்தது.

வந்த அன்றே எண்ணிவிட்டேன். சிவப்பு வளையத்தில் செத்தவை பதினான்கு. நீலத்தில் பதினைந்து. நாற்பத்தேழு வேலை செய்யவில்லை, மாமா. முட்டைக்குள் வேலை செய்தது, கோழிக்குள் செய்யவில்லை. தண்ணீரோடு குடித்தது குடலைத் தாண்டி நுரையீரலுக்குப் போகவே இல்லை என்று நினைக்கிறேன். நீங்கள் வாத்து கொடுத்துக் கோழி மாற்றாமல் இருந்திருந்தாலும் முடிவு இதுதான்.

அந்த எண்ணிக்கை இரண்டு நாள் என் மேஜையிலேயே கிடந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நோட்டை உங்களுக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். உறையில் விலாசம்கூட எழுதிவிட்டேன். தமிழ் நோட்டை யார் படிக்கப்போகிறார்கள்? பிறகு, ஏப்ரல் ஐந்தாம் தேதிப் பக்கத்தைப் பார்த்தேன். ‘கங்காணி இன்று யார் முதுகிலும் ஏறவில்லை’ என்று தொடங்கியிருந்தீர்கள். அதன் கீழே உங்கள் ஆசிரியை ‘மிக நன்று’ என்று எழுதியிருக்கிறார். அவருக்கு எழுத்து மட்டும்தான் தெரிந்ததா, கோழி தெரியவில்லையா என்று சிரித்தேன். சிரித்த பிறகு என்னால் அந்த உறையை ஒட்ட முடியவில்லை.

துரையிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லண்டனுக்குத் தந்தி அடித்து அறிக்கையைத் திரும்பப் பெற்றார். படிப்புக்கு வேறு ஒருவர் பெயர் போய்விட்டது. அதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம்.

நோட்டின் மொழிபெயர்ப்பை மட்டும் அவர் கடைசிவரை படித்தார். மூன்று வருஷக் கோப்பில் ஒரு கோழி எப்படிச் செத்தது என்று தெரிகிற தாள் இது ஒன்றுதான் என்றார். மூக்கிலும் நீர் வடிந்தவை இரண்டு நாள் கூடுதலாக நின்றன என்று நீங்கள் எழுதியிருப்பது அவருக்கும் புதிது, எனக்கும் புதிது.

அடுத்து நாற்பத்தெட்டாவது மருந்தைத் தண்ணீரில் அல்ல, மூக்கில் சொட்டாக விடலாம் என்று இருக்கிறோம். ஆகஸ்டில் நாற்பது கோழிகள் வரும். தாளை மாற்றியிருக்கிறேன். ‘செத்தவை’ என்று ஒரு கட்டம். ஓரத்தில் அகலமாக இடம் விட்டிருக்கிறேன். நாற்பதும் சாகலாம், மாமா. செத்தால் செத்ததுதான். தயவுசெய்து.

அன்று எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

கணேசமூர்த்தி

*

காஜா பேராங்
9 செப்டம்பர் 1957

மருமகன் கணேசமூர்த்திக்கு,

சுதந்திரம் வந்தது. தெருவெல்லாம் கொடி. வகுப்பில் நாங்கள் ஒன்பது பேரும் சுதந்திரத்துக்கு மலாய்ச் சொல் ‘மெர்டேக்கா’வைக் கரும்பலகையில் ஆளுக்கு ஒரு எழுத்தாக எழுதினோம். ஐந்து எழுத்துதான் இருந்தது. மிச்சம் நான்கு பேர் சண்டை போட்டார்கள். அவர்களுக்காக ‘வாழ்க’வும் ஓர் ஆச்சரியக்குறியும் சேர்த்தோம். ‘ழ்’ எனக்குக் கிடைத்தது.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. எனக்கு வந்த கடிதங்கள் மொத்தம் ஐந்து. ஒன்றைக் கிழித்தால் நான்காகிவிடும்.

மிஞ்சிய வாத்து இரண்டும் முட்டை வைக்கின்றன. உன் அத்தை அவற்றைத் தன் அறை ஜன்னலுக்குக் கீழே கட்டியிருக்கிறாள், என்னை நம்பாமல்.

புதுக் கோழிகளில் சிவப்பு வளையத்துக்குத் தினமும் மூக்கில் சொட்டு விடுகிறேன். பிடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. பெயர் வைத்திருக்கிறேன், அதை நீ தடுக்க முடியாது.

நேற்று நோய் கூண்டுக்குள் வந்தது. சிவப்பு வளையம், இடது இறக்கையில் ஒரு கறுப்பு இறகு உள்ளது. மத்தியானம் தலையைத் தொங்கப்போட்டது. மூக்கில் நீர் இல்லை. நான்கு மணிக்கு விழுந்தது. வளையத்தைக் கழற்றிக் கழுவினேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆ செங் கையில் ஒரு வெள்ளைக் கோழியோடு நின்றுகொண்டிருந்தான். “லாகி மாத்தி கா?” என்றான். எனக்குக் கை நீண்டுவிட்டது, தம்பி. முப்பத்தொரு வருஷத்துக் கை. பொன்னம்மா சமையல்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாத்தி. போ” என்றேன், செத்தது செத்ததுதான் என்று. வளையத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், பார்.

செத்தவை ஒன்று.

கூண்டில் பத்தொன்பது.

சேதுபதி